ஆரன் அடிக்காத வளைவு

வளைவுக்கு வளைவு ஆரன் அடித்தே ஆயுசைக் கழித்த என் சவரி அண்ணனுக்கு,

இன்னும் கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்துவிடுவார். எனக்கு ஊசி போட வருகிறார். சர்க்கரை நோய்க்கான ஊசி. இன்றைக்குத்தான் முதல் ஊசி. பயமாக இருக்கிறது அண்ணா. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. ஜெபமாலையை எடுத்தேன், மூன்றாவது மணியிலேயே மனது ஊசிக்குப் போய்விட்டது. சரி, உங்களிடமாவது பேசுவோம் என்று பேனாவை எடுத்தேன். பத்தாவது வரை படித்த திமிர் என்று கேலி செய்வீர்களே, அந்தத் திமிர் இன்றைக்குத்தான் உதவுகிறது.

மருந்துப் புட்டி அடுப்படி மூலையில் இருக்கிறது. நம் வீட்டில்தான் பிரிட்ஜ் இல்லையே. நம்மூர்க் குளிருக்கு ஈர மணல் போட்ட மண்பானைக்குள் டப்பாவில் வைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து, பானைக்குள் பாம்பைப் போட்டு மூடியது மாதிரி அந்தப் பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறேன். அட்டைக்கடி வாங்கி வளர்ந்த எஸ்டேட்டுக்காரி, விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அண்டா அண்டாவாகச் சமைக்கிறவள், விரல் நீளம்கூட இல்லாத ஒரு புட்டிக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கே கேவலமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோயில் மலரில் அச்சடிக்கச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று முறைக்காதீர்கள். படிக்கிற நாலு பேருக்குப் புரியவேண்டும்.

நீங்கள் எஸ்டேட் பிக்கப் வண்டியின் டிரைவர். காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவீர்கள், உரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு மேலே வருவீர்கள். எவ்வளவு அவசரமானாலும் ஒரு வளைவில்கூட ஆரன் அடிக்காமல் நீங்கள் திரும்பியதில்லை. எதிரே வண்டி இருக்காது, குரங்குதான் உட்கார்ந்திருக்கும், அதற்கும் அடிப்பீர்கள். காது கிழிகிறது என்று நான் கத்தினால், "நாம வர்றது நமக்குத் தெரியுங் கண்ணு. எதுக்க வர்றவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்பீர்கள். இப்போது அந்த வண்டியை ஓட்டுகிறவன் ஆரன் அடிப்பதில்லை. பாட்டை அலறவிட்டுக்கொண்டு சர்ரென்று வளைக்கிறான். அவன் போகும்போதெல்லாம் நான் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குச் சர்க்கரை வந்த புதிதில் ஒரு மாத்திரை. பிறகு இன்னொன்று சேர்ந்தது. பிறகு அளவு கூடியது. கடைசியில் டாக்டர் ஊசி என்று ஆரம்பித்ததும் நீங்கள் ஒரு ஜோக் வைத்திருந்தீர்கள். "தினமும் இருபது கொண்டை ஊசி ஏறி எறங்குறனுங்க, இருபத்தோராவது ஊசி எனக்கு எதுக்குங்க?" டாக்டரும் சிரித்துவிட்டாராம். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் சிரித்தார், அண்ணி சிரித்தார், நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது இந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இனி யாராவது அந்த ஜோக்கை என்னிடம் சொன்னால் கரண்டியால்தான் அடிப்பேன்.

உங்கள் கடைசி நாட்களை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும். வண்டியின் அடித்தகடு சூடேறி உங்கள் வலது பாதம் கொப்பளித்ததே உங்களுக்குத் தெரியவில்லை. செருப்பு ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. கால் எத்தனை நாளாக மரத்துக் கிடந்ததோ! சேலத்தில் முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. "ஆக்சிலேட்டர் காலே போயிருச்சே சாமி" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அங்கேதான் உங்களுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த வாரமே காய்ச்சல் ஏறி நீங்கள் போய்விட்டீர்கள்.

ஊர் சும்மா இருக்குமா? "ஊசி போட்டாங்க, ஆளு முடிஞ்சுது" என்று கல்லறைத் தோட்டத்திலேயே பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அழுகின கால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, ஊசி மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஊசி என்றாலே எனக்கு உங்கள் பெட்டியை இறக்கின கயிறுதான் ஞாபகம் வரும்.

பிறகு எனக்கும் வந்தது. நம் குடும்பச் சொத்து இது ஒன்றுதான் போலிருக்கிறது, பாகம் பிரிக்காமலே வந்துசேர்ந்தது. உங்களுக்குக் கொடுத்த அதே சின்ன மாத்திரை. "காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சுகர்க்காரர்கள் நாள். மலையில் இருக்கிற அத்தனை சர்க்கரையும் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கும். கரடியூர்க்காரர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். முந்தின நாளே எல்லோரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவோம். பாகற்காய்ச் சாறென்ன, வெந்தயத் தண்ணியென்ன! பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே கிடையாது. திட்டு வாங்காமல் திரும்பவேண்டும், அவ்வளவுதான் குறிக்கோள்.

மருந்து கொடுக்கிற சன்னலில் "ரிப்பீட்டா?" என்று கேட்பார்கள். "ரிப்பீட்டுங்க" என்போம். போன மாதம் தின்ற மாத்திரையே இந்த மாதமும் என்று அர்த்தம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு இங்கிலீஷ் தெரியும். ரிப்பீட்டு என்று சொல்லிவிட்டால் வரிசை மளமளவென்று நகரும், பஸ்ஸைப் பிடிக்கலாம், யாரும் ஒன்றும் தோண்ட மாட்டார்கள். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, முழுசாகத் தின்கிறாயா, தின்றால் என்ன செய்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

இந்த வருஷத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒருசந்தி இருந்தேன். மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவரை பச்சைத்தண்ணீர். நோயாளிகள் இருக்க வேண்டியதில்லை என்று சாமியார் பீடத்தில் நின்று சொல்லத்தான் செய்கிறார், நம் வீட்டில் யார் அதைக் கேட்டிருக்கிறோம்? காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாடி என்றுதானே சொன்னார்கள்? சாப்பாடு மதியம். காலை என்பது மதியத்துக்கு முன்னாடிதான். என் புத்திக்கு அது சரியாகத்தான் பட்டது.

விடுதிச் சமையலறையில் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நிற்கிறேன். முதலில் நெற்றி வேர்த்தது. அடுப்புச் சூடு என்று முந்தானையால் துடைத்தேன். முதுகிலும் வேர்த்தது, வெளியே பனி கொட்டுகிறது, எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அப்புறம் கரண்டி பிடித்த கை தனியாக ஆட ஆரம்பித்தது. ஒரு அண்டா இரண்டு அண்டாவானது. கொதிக்கிற சாம்பார் அண்ணா! அதன் மேல் நான் சாய்ந்துகொண்டிருக்கிறேன். சாய்வது எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. எந்தப் புண்ணியமோ, பின்பக்கமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சர்க்கரை டின் இருந்தது. அள்ளி அள்ளி வாயில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது, உடம்பு கேட்டது. கொஞ்சம் தெளிந்ததும் ஒருசந்தியை முறித்துவிட்டோமே என்ற அழுகைதான் முதலில் வந்தது. பிழைத்தோமே என்பது அப்புறம்தான் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து விடுதியைப் பார்த்துக்கொள்கிற மதர் உள்ளே வந்தார். "என்ன ரெஜினா, கீழ உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க மதர். வெங்காயம் உருண்டிருச்சு, பொறுக்குறனுங்க."

அந்த நிலைமையிலும் எவ்வளவு சுருக்காகப் பொய் வருகிறது பாருங்கள். கண் இருட்டுகிறவளை யார் அடுப்படியில் விடுவார்கள்? விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள், இல்லை வீட்டுக்கே போ என்பார்கள். அந்த அடுப்புதான் என் சோறு. அது மட்டுமில்லை, "ரெஜினாக்கா சாம்பார்" என்று பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதுதான் எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை. அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அந்த மாத்திரை ஆளைக் கவிழ்க்கிற மாத்திரை என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக உடைத்தேன். சில நாள் அந்தப் பாதியும் ஜன்னல் வழியாகப் போனது. உடம்பு நடுங்கவில்லை, நிம்மதியாக இருந்தது. தாகம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. பாகற்காய்ச் சாறெல்லாம் பலிக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா சின்னப் பெண், கோபமில்லாத முகம். "மாத்திரை முழுசா போடுறீங்கதானேம்மா?" என்று கேட்டார்.

"போடுறனுங்க."

"ஒரு நாளும் விடலையே?"

"இல்லீங்க."

"முழு மாத்திரைக்கும் கேக்கலைன்னா, மாத்திரையைக் கூட்டி, சாயங்காலம் ஊசியும் சேத்துத்தான் ஆகணும்." எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே வந்து மருந்து வரிசையில் நின்றேன். இந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, சன்னலில் ரிப்பீட்டு என்று சொல்லிப் பழைய மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் வேறு டாக்டர் வந்துவிடுவார், யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

எனக்கு முன்னால் நின்றது யார் தெரியுமா? கிளியூர் வெள்ளையண்ணன். உங்கள் வண்டியில் கூடவே வந்து மூட்டை ஏற்றி இறக்குவாரே, அவர்தான். இப்போது மூட்டை தூக்குவதில்லை, சொந்தக் காட்டில் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறார். மனைவிக்கு மருந்து வாங்க வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்குது?"

"ஊசி எழுதிட்டாங்கண்ணா. மாத்திரையவே என்ற ஒடம்பு தாங்க மாட்டேங்குது. ஒருசந்தி அன்னைக்கு சாம்பார் அண்டாக்குள்ள உழப் பாத்தேன். இதுல ஊசி வேறயாம்."

அவர் முகம் மாறிவிட்டது. பிறகு மெதுவாக, "அண்ணனுக்கும் ஒருசந்தி அன்னைக்குத்தானுங்க அப்புடி ஆச்சு" என்றார்.

"எப்புடி ஆச்சு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. போனவருகிட்ட இன்னும் என்ன சத்தியம், சொல்லீர்றனுங்க. சேலத்துல சரக்க எறக்கிப்போட்டு மேல வர்றோம். வெள்ளிக்கெழம. அன்னைக்கு அவரு பச்சத்தண்ணியத் தவர ஒண்ணும் தொடல. பாதி மலை ஏறியாச்சு. ஒரு வளைவு வருது, இவரு ஆரன் அடிக்கலைங்க. அத்தன வருசத்துல அடிக்காம வளைச்சதே இல்லீங்களே, நான் திடுக்குன்னு திரும்பிப் பாக்கறேன். மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது, கண்ணு எங்கயோ நிக்குது. ஏனுங்ணா, ஏனுங்ணாங்கறேன், பேச்சில்ல. வண்டி பள்ளத்துப் பக்கமாப் போவுது. நாந்தான் ஸ்டேரிங்கப் புடிச்சு இழுத்தேன். செவுத்துல ஒரசிக்கிட்டு, ஏத்தங்கறதால இஞ்சின் தானா நின்னுபோச்சு."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நான் நகரவில்லை.

"ஊட்டுக்கு வாங்குன வெல்லம் இருந்துது, ஒடச்சு வாயில வெச்சேன். செத்த நேரங்கழிச்சுத்தான் நான் ஆருன்னே அவருக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் அழுவறாருங்க. வெள்ளையா, வெளிய சொல்லிராத சாமி, ரைட்டர் காதுக்குப் போச்சுன்னா சாவியப் புடுங்கிருவாங்கன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. அதுக்கப்பறம் எங்கண்ணு முன்னாடியே மாத்திரையப் பாதியா ஒடச்சு ரோட்டுல எறிவாரு. முன்னால கண்ணாடிக்குக் கீழ கடல முட்டாயி வெச்சுக்குவாரு."

கடலை மிட்டாய்! சர்க்கரைக்காரனுக்கு மிட்டாய் ஆசையைப் பார் என்று அண்ணி எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறார்! நீங்கள் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்பீர்கள். அது ஆசை இல்லையா அண்ணா? அது பயமா? ஒவ்வொரு நாளும் அந்த மலையில் அந்தப் பயத்தோடுதான் ஏறி இறங்கினீர்களா? எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போனபோதும் அப்படித்தானா?

எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீங்கள் கல்லறைக்குள் புரண்டு படுப்பீர்கள். மாத்திரை பொல்லாத மாத்திரை இல்லை, அன்றைக்கு வயிறு காலி. இதை ஒரு வார்த்தை டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாற்றியிருக்க மாட்டார்களா? நீங்கள் உடைத்தீர்கள், சர்க்கரை ஏறியது. ஏறுகிறதே என்று டாக்டர் கூட்டினார், கூட்டியதையும் உடைத்தீர்கள். ஊசி என்றதும் ஜோக் சொன்னீர்கள். முழு மாத்திரை தின்கிற ஒரு சவரிமுத்துவுக்கு அந்த மனிதர் வருஷக்கணக்காக வைத்தியம் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு ஆள் இந்த மலையிலேயே கிடையாது. வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று சர்க்கரைக்காரனுக்கு எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் தின்கிற வாயை விட்டுவிட்டுப் பேசுகிற வாயைக் கட்டிக்கொண்டீர்களே!

அப்புறம் கோபம் அப்படியே என் பக்கம் திரும்பி நின்றது. உங்களுக்கு வண்டி, எனக்கு அண்டா. உங்களுக்கு ரைட்டர், எனக்கு மதர். வேறு என்ன வித்தியாசம்? நீங்கள் போன அதே ரோட்டில், அதே வளைவில், நானும் சத்தம் போடாமல் திரும்பிக்கொண்டிருக்கிறேன். விரல் நுனி எறும்பு ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். தரை குளிர்ச்சியாகத் தெரிகிறதா, இல்லை தெரிகிற மாதிரி நானே நினைத்துக்கொள்கிறேனா? அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

சன்னலுக்குள்ளிருந்து, "ரிப்பீட்டா?" என்ற குரல் கேட்டது.

ஆமாங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகின நாக்கு. "இல்லீங்க" என்றேன்.

"புதுசா? சீட்டக் குடுங்க."

"அதுவும் இல்லீங்க. டாக்டரம்மாவ இன்னொருக்கா பாக்கணுங்க."

"ஏம்மா, அதுக்கு இங்க எதுக்கு நின்னீங்க? நவுருங்க, எங்களுக்கு பஸ் போயிரும்" என்று பின்னாலிருந்து வசைப்பாட்டு. வாசலில் நர்ஸம்மா, "இப்பத்தானே பாத்துட்டுப் போனீங்க?" என்று கையை நீட்டி மறித்தார். கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்தேனோ!

"நான் சொன்னது பொய்ங்க" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அண்டா, சர்க்கரை டின், வெங்காயம், அரிவாள்மனை, ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு மாத்திரை போட்டுட்டு எப்போ சாப்பிட்டீங்க?"

"மதியத்துக்குத்தானுங்க. ஒருசந்தி."

"ஒருசந்தின்னா?"

விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாப்பாட்டுக்கு முன்னாடின்னா, சாப்பாடு தட்டுல வந்து காத்துக்கிட்டு இருக்கணும்மா. மாத்திரை மதியம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. நீங்க முழுசா போடுறீங்கன்னு நம்பி நான் மேல மேல ஏத்தி எழுதியிருக்கேன். நாளைக்கே உங்களுக்குப் பயம் தெளிஞ்சு, இதுல எழுதின அத்தனையும் ஒழுங்காப் போட்டுட்டு அடுப்பு முன்னாடி நின்னிருந்தீங்கன்னா..."

அவர் அதை முடிக்கவில்லை. அந்த முடிக்காத பேச்சுதான் அன்றிலிருந்து என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட்டோம், ஊசியை ரத்து செய்துவிடுவார் என்று ஒரு நப்பாசை இருந்தது. இல்லை. இத்தனை மாதம் ஏறிக் கிடந்த சர்க்கரையாம், இனி மாத்திரையை மட்டும் நம்பி விட முடியாதாம். கவிழ்க்கிற அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறு மாத்திரை கொடுத்தார். ஊசியைச் சின்ன அளவில் ஆரம்பிப்போம் என்றார். "நடுங்குச்சா, வேர்த்துச்சா, சாப்பிட முடியலையா, வந்து சொல்லுங்க. சொன்னாத்தான் என்னால கூட்டவோ குறைக்கவோ முடியும். ரிப்பீட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க" என்றார். மடியில் எப்போதும் சர்க்கரை முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். முடிந்து வைத்திருக்கிறேன். இப்போதும் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வரும் வழியில் அண்ணியிடம் போய் வெள்ளையண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி அழவில்லை. காப்பி போட வைத்த பாலை அடுப்பிலேயே மறந்துவிட்டார். "பாவி மனுசன், அந்தக் கடல முட்டாயிக்கு எத்தனை பேச்சு வாங்கியிருக்கும். ஒரு நாளாவது வாயத் தொறந்துச்சா?" என்றார். பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

நான் ஊசி வேண்டாம் என்று இழுத்தேன். அண்ணன் ஊசி போட்ட வாரமே போனாரே என்றேன். அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஊடு எரிஞ்சு முடியறப்பத் தண்ணிய ஊத்துனாங்க. எரிஞ்சு போச்சுன்னு தண்ணியத் திட்டுவியா நீ?"

அப்புறம் ஒன்று சொன்னார். எனக்கு இதுவரை தெரியாத ஒன்று. சேலத்தில் நீங்கள் படுத்திருந்தபோது, வீட்டுக்குப் போனால் இவர்தான் போடவேண்டும் என்று அங்கிருந்த நர்ஸம்மா அண்ணிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்திப் பழகினாராம். நீங்கள் தூங்கும்போது உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து பழகியிருக்கிறார். நீங்கள்தான் வீட்டுக்கு வரவில்லை. "உங்கண்ணனுக்குன்னு கத்துக்கிட்ட கை கண்ணு. இன்னைவரைக்கும் சும்மாத்தான் கெடக்குது. ஒனக்காவது போடறேன்" என்றார். இதற்கு மேல் நான் எப்படி மாட்டேன் என்பது?

ஆனாலும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டுதான் வந்தேன். இன்றைக்கு என்ன ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஊசி போட்டுப் படுத்த பிறகு நடுங்கினால்? தூக்கத்தில் நடுங்கினால் எனக்குத் தெரியுமா? கால் ஏற்கெனவே மரத்துவிட்டதா? நான் சொன்னது நேரத்தோடு சொன்னதா, இல்லை நானும் பிந்திவிட்டேனா? ஒன்றுக்கும் யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை அண்ணா. உங்களுக்குத் தெரிந்தால் கனவிலாவது சொல்லுங்கள்.

இன்னொரு பயம் இதைவிடப் பெரிது. மதரிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாக அவர் கண்ணைப் பார்க்காமல்தான் சாம்பார் ஊற்றுகிறேன். டாக்டரிடம் சொன்னது சுலபம், அவர் கையில் என் அடுப்பு இல்லை. மதர் கையில்தான் இருக்கிறது. சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நீங்கள் வெள்ளையண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. உங்களைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. "ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள இருக்கறயா, பின்வாசல் வழியா ஓடிப் போயிட்டயா?" என்று அண்ணி குரல் கொடுக்கிறார். அவர் குரலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. எலுமிச்சம்பழத்தைத் தவிர இதுவரை வேறு யாருக்கும் போட்டதில்லையே.

அதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கமாட்டேன். ஆண்டவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நாளைக்குக் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் மதரிடம் போய், அன்றைக்கு உருண்டது வெங்காயம் இல்லை, நான்தான் என்று சொல்லிவிடுவேன். அண்டாவை வாங்கிக்கொண்டு விளக்குமாற்றைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அழுவேன், ஆனால் வாங்கிக்கொள்வேன். வளைவுக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன வந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை அண்ணா. தெரியாததால்தான் சொல்கிறேன், இனி எந்த வளைவிலும் ஆரன் அடிக்காமல் திரும்ப மாட்டேன். நீங்கள் அடிக்காமல் விட்ட அந்த ஒன்றையும் சேர்த்து அடிப்பேன்.

பயந்துகொண்டேதான் எழுந்து போகிறேன்,
உங்கள் கண்ணு, உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி
ரெஜினா